ஆழிவண்ணனார் பெயருக்கு மறுப்பில்லை

என்ன அண்ணாச்சி, ஏறினதிலிருந்து என் வேட்டியையே பார்க்கிறீங்க? கட்டத் தெரியாமல் கட்டியிருக்கிறேன் என்று தெரிகிறதோ? பெல்ட் போட்டிருக்கிறேன், அவிழாது. நெற்றியில் இருக்கிற சந்தனம்கூட எங்கள் வீட்டுச் சந்தனம் இல்லை. எங்கள் வீட்டில் சந்தனமே கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் நின்று தொட்டுக்கொண்டு வந்தேன். எங்க அம்மா பார்த்தால் பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ண வைத்துவிடுவாள்.

மதுரைக்குத்தான் போகிறேன். எங்கள் தாத்தாவுக்கு விழா. அவர் சார்பில் பொன்னாடை வாங்கப் போகிறேன்.

தாத்தா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐயோ, முகத்தை அப்படி வைக்காதீங்க. அவர் பிறக்கவே இல்லை.

சொல்கிறேன். மதுரைக்கு இன்னும் எவ்வளவோ தூரம் கிடக்கிறது, எனக்கும் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வாந்தி வந்துவிடும். மனிதர்கள் என்றாலே ஒரு குமட்டல் வந்துவிட்டது அண்ணாச்சி, பதினேழு வயதிலேயே.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் எப்சிபா அக்கா குடியிருக்கிறாள். பகலில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. மற்ற நேரமெல்லாம் மென்பொருள் எழுதுவாள். விற்கிற மென்பொருள் இல்லை, கட்டற்ற மென்பொருள். அதாவது அன்னதானம் மாதிரி. சமைத்து வைத்துவிடுவார்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம். உப்புக் குறைந்தால் நீங்களே போட்டுக்கொள்ளலாம், உங்கள் பேரில் ஒரு பந்திகூட நடத்தலாம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அவளோடு ஒரே அறையில் தவமணி அக்கா. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிறாள். பாடத்தைக் கம்ப்யூட்டர் வாசிக்கும், இவள் கேட்பாள். அந்தக் கம்ப்யூட்டர் தமிழ் வாசிக்கிற லட்சணத்தை நீங்க கேட்கணுமே. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு என்று இருந்தால் எப்படி வாசிக்கும் தெரியுமா? "கி புள்ளி மு புள்ளி மூன்று கழித்தல் ஆம் நூற்றாண்டு." இப்படியே ஒரு புத்தகம் முழுக்கக் கேட்டால் மனுஷி சோழனைப் படிப்பாளா, கழித்தல் கணக்கைப் படிப்பாளா?

அதற்குத்தான் எப்சிபா அக்கா ஒரு சின்ன உறுப்பு எழுதினாள். தனியாக அது ஒன்றும் செய்யாது. தண்ணிக் குழாய்க்குள் ஒரு வாசர் இருக்கும் பாருங்க, அது மாதிரி. வாசிக்கிற மென்பொருளுக்குள் உட்கார்ந்துகொண்டு, தேதி, மணி, சுருக்கெழுத்து எல்லாவற்றையும் நாம் வாயால் சொல்கிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். எழுதினது எப்சிபா அக்கா, காது தவமணி அக்காவுடையது. ஒரு வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி எப்சி, நிறுத்து. அரைக்கால்னு சொல்ல வேண்டியத ஒன்னு சாய்கோடு எட்டுங்குது." இவள் திருத்துவாள். மறுபடி, "ஏட்டி, இப்ப ஆகஸ்ட் ஒன்னாம் தேதியையும் அரைக்கால்ங்குது."

நான் படியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கம்ப்யூட்டர் மாதிரியே பேசிக் காட்டுவேன். "தவமணி அக்கா காற்புள்ளி சாப்பிட்டாயா கேள்விக்குறி." தவமணி அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறும். எனக்கு எந்தக் குரலும் வரும் அண்ணாச்சி. ஹெட்மாஸ்டர் வருவார், பாஸ்டர் வருவார், கறிக்கடை பாய் வருவார். இந்தக் கண்டக்டர் வேணுமா? இருங்க. "கோயில்பட்டி எறங்குறவுகள்லாம் முன்னால வாங்க, முன்னால வாங்க!"

பார்த்தீங்களா, ரெண்டு பேர் எந்திரிச்சிட்டாங்க. பாவம், கயத்தாறே இன்னும் வரவில்லை. உட்காருங்கம்மா, உட்காருங்க.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் முடிந்ததும் எப்சிபா அக்கா அதற்கு 'தவமணி' என்று பேர் வைத்தாள். "வேண்டாம்ட்டி, அசிங்கமா இருக்கு" என்றாள் தவமணி அக்கா. சொல்லிவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்து என்னிடம் கேட்கிறாள்: "லே ஆமோஸ், நெசமாவே என் பேரையா போட்டிருக்கா? நீ வாசிச்சுச் சொல்லு." வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாளாம். ஆண்டு மலரில் போட்டோ போட்டிருக்கிறார்கள். கீழே என்ன போட்டிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டிருக்கிறாள். 'பரிசு பெறும் பார்வையற்ற மாணவி.' இரண்டாம் பரிசு வாங்கினவளுக்கு முழுப் பேரும் போட்டிருந்ததாம். இந்தத் தடவை பேர் வரப்போகிறது என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். இல்லை என்று சொல்வேனா?

வெளியிடுவதற்கு மதுரையில் ஒரு குழு இருக்கிறது. தென்கூடல் கட்டற்ற மென்பொருள் குழு. இவர்கள் வழியாகப் போனால்தான் தமிழ்நாட்டில் பார்வை இல்லாதவர்களின் கம்ப்யூட்டருக்கெல்லாம் அது போய்ச் சேரும் என்று எப்சிபா அக்கா நினைத்தாள். எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் சௌந்தரபாண்டியன் சார், பாலிடெக்னிக்கில் வாத்தியார். அவர் குரல் இப்படி இருக்கும்: "நண்பர்களே, நாம் அனைவரும் ஒரு குடும்பம். குடும்பத்தில் ஒருவர் மனம் நொந்தாலும் அது வெற்றி ஆகாது." இந்தக் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. பேரை மெயிலில் எல்லார் முன்னாலும் வைக்க வேண்டும். ஏழு நாள் அது தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்குள் ஒரே ஒரு ஆள் 'மறுக்கிறேன்' என்று எழுதினாலும் பேர் போச்சு, முதலிலிருந்து வா. தொண்ணூறு பேர் சரி என்று சொன்னாலும் கணக்கில்லை. இதற்கு ஜனநாயகம் என்று பேராம்.

தவமணி என்ற பேர் ஆறு நாள் நின்றது. ஆளாளுக்குக் கும்பிடு பொம்மை போட்டு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அரையாண்டு லீவு. வேலை இல்லை. சும்மா ஒரு மெயில் முகவரி திறந்து குழுவில் சேர்ந்தேன். முனைவர் ஆழிவண்ணனார், பணிநிறைவு பெற்ற பேராசிரியர், காரைக்குடி. இரண்டே வரி எழுதினேன்: "அன்புடையீர், கருவிக்குத் தனியொருவர் பெயர் சூட்டுதல் நம் மரபன்று. போற்ற வேண்டியது தொண்டினையே அன்றித் தொண்டரை அன்று. மறுக்கிறேன்."

விளையாட்டுத்தானே அண்ணாச்சி. எவனாவது "ஓய், நீர் யாரு?" என்று கேட்பான், நான் இன்னும் நாலு குரலில் சண்டை போடலாம் என்று நினைத்தேன்.

ஒருத்தன் கேட்கவில்லை. அதுதான் எனக்கு முதல் அருவருப்பு. ஒரே ஒரு முனைவர் பட்டம், அதன் பின்னால் ஒரு 'னார்'. அவ்வளவுதான், காலையில் கும்பிடு பொம்மை போட்ட அதே ஆட்கள் மத்தியானம் எழுதுகிறார்கள்: "ஐயா கண்களைத் திறந்துவிட்டார்கள்." "எனக்கும் ஆரம்பத்திலிருந்தே உறுத்தலாகத்தான் இருந்தது." உறுத்தலாம்! தூ. முந்தின நாள் அவன்தான் பூச்செண்டு பொம்மை அனுப்பினவன். சௌந்தரபாண்டியன் சார், "பெருந்தகை நம் குழுவைத் தேடி வந்தது நாம் செய்த பேறு" என்று எழுதி, தனியாகவும் ஒரு மெயில் போட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

அதற்குப் பிறகு நாலு மாதம். ஒரு வாசருக்குப் பேர் வைக்க நாலு மாதம்! சென்னையிலிருந்து விவேக் என்று ஒருத்தர்: "பேசிக்கலி, குளோபலா யோசிக்கணும் கைஸ். ஜப்பான்காரன் வாயில நுழையணும்." ஜப்பான்காரனுக்கு எதற்குடா கி.மு.? இன்னொருத்தர் எண்ணொலிப்பான் என்றார். ஒருத்தர் அதில் அழகில்லை என்றார். அப்புறம் டொரன்டோவிலிருந்து குகநேசன் என்று ஒருவர் வந்தார்: "நாங்களும் இஞ்ச இருக்கிறம் எண்டதை நீங்கள் மறந்து போகக் கூடாது, பாருங்கோ." அவரும் நான்தான். ஒரு தரம் குகநேசனும் ஆழிவண்ணனாரும் மூன்று நாள் சண்டை போட்டார்கள். சௌந்தரபாண்டியன் சார் நடுவில் நின்று சமாதானம் பண்ணினார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் யோசித்துப் பாருங்க, எவ்வளவு கேவலம். மாடியில் ஒருத்தி நாலு மாதமாக இன்னும் கழித்தல் ஆம், கழித்தல் ஆம் என்று பாடம் கேட்கிறாள். அவள் கம்ப்யூட்டரில் மட்டும் இதை எப்படியாவது ஒட்டவைக்கலாம் என்றால், எப்சிபா அக்காவிடம், "எனக்கு மட்டும் வேண்டாம்ட்டி. ஹாஸ்டல்ல அம்பது பேரு இதே கேட்டுக்கிட்டு கெடக்காளுவ. எல்லாருக்கும் வரட்டும்" என்றுவிட்டாள். கடைசியில் அவளே சொன்னாள்: "என் பேர விட்டுருட்டி. நாய், பூனைன்னு ஏதாவது வச்சு அனுப்பு." எப்சிபா அக்காவும் பத்துப் பேர் எழுதி அனுப்பினாள். பத்தும் போச்சு. மூன்றை ஆழிவண்ணனார் மறுத்தார், ஒன்றைக் குகநேசன் மறுத்தார். மீதி ஆறையும் அவர்களேதான் மறுத்தார்கள். பார்த்தீங்களா, அவர்கள்தான் அதிகம். அப்படிப்பட்ட ஆட்கள்.

இதற்கிடையில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். ஆழிவண்ணனார் குரலில் ஒரு பேச்சுப் பதிவு அனுப்பினேன். மெயிலில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் வித்தை என்ன தெரியும்? வாயில் வெற்றிலை அடக்கிக்கொண்டு, நடுவில் ஒரு இருமல், "மன்னிக்க வேண்டும்... முதுமை..." அருமையாக வந்தது. அதனால் என்ன ஆயிற்று, அவர்களுக்குப் பக்தி முற்றிவிட்டது. சௌந்தரபாண்டியன் சார் காரைக்குடிக்கே நேரில் வருகிறேன், ஐயாவைத் தரிசிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கியாச்சாம். தெருப் பேர் கேட்கிறார். எனக்கோ ஆண்டுப் பரீட்சை. வேறு வழி? கொன்றுவிட்டேன்.

மகன் எழுதுவது போல ஒரு மெயில். "அப்பா நேற்று மாலை இயற்கை எய்தினார். இறுதிவரை குழுவைப் பற்றியே பேசினார்." இரண்டாவது வரி தேவையில்லைதான். கை நிற்கவில்லை.

அண்ணாச்சி, அதற்கப்புறம் வந்தது பாருங்க. அதைப் படித்துத்தான் எனக்கு நிஜமாகவே குமட்டியது. ஒருத்தர் எழுதுகிறார்: "திருச்சி கருத்தரங்கில் ஐயாவோடு ஒரே அறையில் தங்கினேன். என் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார்." இல்லாத மனுஷன் எப்படிய்யா உன் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டான்? இன்னொருத்தருக்கு இவர் கைப்பட வாழ்த்து எழுதிக் கொடுத்தாராம். ஒருத்தருடைய கல்யாணத்துக்கே வந்தாராம், சாப்பிடாமல் போய்விட்டாராம், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறதாம். விவேக்கூட, "ஹி வாஸ் லைக் எ ஃபாதர்" என்று போட்டார். பொய் என்றால் சும்மா பொய்யில்லை, அழுகிற பொய். நான் பொய் சொன்னேன் என்றால் அது கலை. இவர்களுக்கு என்ன வந்தது?

படம் கேட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை நோட்டீஸில் ஒரு தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். கடைப் பேரை வெட்டிவிட்டு அனுப்பினேன். "அதே கனிவு, அதே கண்கள்" என்று பதில் வந்தது.

அப்புறம்தான் சௌந்தரபாண்டியன் சார் அதை எழுதினார். "நண்பர்களே, இத்தனை மாதம் நாம் தேடிய பெயர் நம் நடுவிலேயே இருந்திருக்கிறது. கருவிக்கு 'ஆழிவண்ணனார்' என்றே பெயர் சூட்டுவோம்."

எப்சிபா அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தனியொருவர் பேர் வைக்கக் கூடாது என்று அந்த ஐயாதானே சொன்னார்? அதற்கு வந்த பதில்: "துக்க நேரத்தில் இதைப் பேசுவது பண்பன்று, சகோதரி." அதோடு அவள் வாயை மூடிவிட்டாள். செத்தவர் பேருக்கு மறுப்பு எழுத நம் ஊரில் எவனுக்குத் துணிச்சல் வரும்? ஒரு நாள் போச்சு, ரெண்டு நாள் போச்சு, ஒரு மறுப்பும் இல்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, தவமணி அக்கா படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் ஆழிவண்ணனார் பேச்சை ஓடவிட்டாள். முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நல்லாப் பண்ணியிருக்கலே."

"என்னது?"

"வெத்தலைதான் கொஞ்சம் அதிகம். வருஷம் பூரா குரலத் தவிர எனக்கு வேற என்ன வேலை? வாக்கியம் முடியுறதுக்கு முன்னால ஒரு சின்ன மூச்சு இழுப்ப நீ. கம்ப்யூட்டர் மாதிரி பேசும்போதும் இழுப்ப, பாஸ்டர் மாதிரி பேசும்போதும் இழுப்ப. இவரும் இழுக்காரு."

 அவள் திட்டவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

"எப்சிகிட்ட நான் சொல்லல. இன்னும் நாள் இருக்கு. நீயே ஒரு வரி மறுப்பு எழுதிருலே. யார் பேர்ல வேணும்னாலும் எழுது. உனக்குத்தான் ஆள் பஞ்சமில்லயே."

எழுதலாம்தான். குகநேசன் இருக்கிறார், மகன் இருக்கிறார். மகனே மறுத்தால் ரொம்ப நன்றாக இருக்கும், "அப்பா இதை விரும்பியிருக்க மாட்டார்" என்று. எழுதினேன்கூட. எழுதிவிட்டு அனுப்பவில்லை. என்ன பார்க்கிறீங்க? அத்தனை பேர் அழுதுகொண்டிருக்கும்போது எப்படி அனுப்புவது? மனசு என்று ஒன்று இல்லையா? அதோடு, நான் ஒன்றும் அவர்களை இந்தப் பேரை வைக்கச் சொல்லவில்லையே. அவர்களாக வைத்தார்கள். உலகத்தில் தமிழ் வாசிக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளேயும் 'ஆழிவண்ணனார்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். நான் வைத்த பேர், நான் கொடுத்த குரல். சும்மா ஒரு வார்த்தைக்குச் சொல்கிறேன். எனக்கு அதில் என்ன?

ஏழாம் நாள் முடிந்தது. மறுப்பில்லை. குழு ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு ஒற்றுமையாக ஒரு பேர் அமைந்ததில்லையாம். சௌந்தரபாண்டியன் சார் எழுதியிருந்தார்.

உடனே வெளியிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. விழா வைக்க வேண்டுமாம். மண்டபம் கிடைக்க இரண்டு மாதம். அழைப்பிதழ் வந்தது, பாருங்க, பையில் இருக்கிறது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, எல்லாருக்கும் பேர், பேருக்கு முன்னால் பட்டம். கடைசிக்கு முந்தின வரி: 'செயல் விளக்கம்: பார்வையற்ற பயனர் ஒருவர்.' எப்சிபா அக்கா அதை உரக்க வாசித்தபோது தவமணி அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். ஒரு ஜாக்கெட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். எப்சிபா அக்கா, "நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்" என்றாள். தவமணி அக்கா, "பாப்போம்" என்றாள்.

இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது அண்ணாச்சி. என்ன ஜனங்கள்! ஒரு பொம்பளைப் பிள்ளை வருஷம் பூரா காதைக் கொடுத்திருக்கிறாள், அவள் பேரை விட்டுவிட்டு, எங்கேயோ இல்லாத ஒரு கிழவன் பேரை எடுத்து வைக்கிறார்கள். முதல் மறுப்பு வந்தபோதே ஒருத்தனாவது அவள் பக்கம் பேசியிருந்தால் இது நடந்திருக்குமா? ஒருத்தனுக்கு முதுகெலும்பு இல்லை.

நான் ஏன் போகிறேனா? மகன் துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பேரன் வருவான் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். கூப்பிட்டால் போகாமல் இருப்பது மரியாதை இல்லை. எப்சிபா அக்கா வரவில்லை, வேறு யாருக்கும் என்னை அடையாளம் தெரியாது. தவமணி அக்கா வந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். நான் மேடையில் ஒரு நிமிஷம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பேச்சாகப் பேசிவிட்டு இறங்கிவிடுவேன். "எங்க அய்யா... எங்களையெல்லாம்..." அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மூச்சை மட்டும் இழுக்கக் கூடாது.

விருதுநகர் தாண்டிட்டோமா? இருங்க, போன் அடிக்கிறது. குழு மெயில். எப்சிபா அக்கா போட்டிருக்கிறாள். சத்தமாக வாசிக்கிறேன், கேளுங்க.

"அனைவருக்கும் வணக்கம். கருவியை இன்று காலை 'தவமணி' என்ற பெயரிலேயே வெளியிட்டுவிட்டேன். திரையை வாசிக்கும் மென்பொருளைச் செய்கிறவர்களுக்கு நேரடியாக எழுதிக் கேட்டேன். ஒரு குழு வழியாகத்தான் வர வேண்டும் என்று தாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை என்றார்கள். சேர்த்தும்விட்டார்கள். நானும் தவமணியும் விழாவுக்கு வரவில்லை. அவளுக்குப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆழிவண்ணனார் என்ற பெயரைக் குழுவே வைத்துக்கொள்ளலாம். தவமணி என்ற பெயருக்கு நான் யாரிடமும் மறுப்புக் கேட்கவில்லை. எப்சிபா."

ச்சீ.

பார்த்தீங்களா அண்ணாச்சி? இவ்வளவுதான் மனுஷங்க. குழு என்று ஒன்று இருக்கிறது. முறை என்று ஒன்று இருக்கிறது. ஏழு நாள் அத்தனை பேரும் சேர்ந்து, ஒரு ஆள் விடாமல் ஒத்துக்கொண்ட பேர். ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை என்று எழுதி வேறு போடுகிறாள், என்ன திமிர்! மண்டபத்தில் பேனர் கட்டியாச்சு. மாலை வாங்கியாச்சு. செத்துப்போன மனுஷன் பேரை வைத்த பிறகு, விழா அன்றைக்குப் பிடுங்கிக்கொண்டு போகிறாளே, இதெல்லாம் ஒரு பண்பா?

சிரிக்காதீங்க. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? உங்களுக்கு அவரைத் தெரியாது. எவ்வளவு தன்மையான மனுஷர் தெரியுமா? குகநேசன் அவ்வளவு பேசியும் ஒரு வார்த்தை ஒருமையில் திருப்பிச் சொன்னதில்லை. அந்த இருமலோடு, அந்த வயதில், ஒரு வாசர் பேருக்காக அத்தனை மெயிலுக்கும் உட்கார்ந்து பதில் எழுதினார். யாருக்கு வரும் அந்தப் பொறுமை? இன்றைக்கு அவருக்காகப் பேச ஒரு நாதி இல்லை.

அவர் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் அண்ணாச்சி, இதற்கு ஒரு வரியாவது மறுப்பு எழுதியிருப்பார்.